ராமென் கடையில் சூப்பை மிச்சம் வைத்தால் அவமரியாதையா?

வரிசைக்காரன்
நேற்று 'முதல் ஜப்பான் பயணம்' இழையில் ஹகாட்டாவாசி எழுதியதைப் படித்ததிலிருந்து மனசு ஆறவில்லை. ஒரு பெண், முதல் தடவை ராமென் (சூப்பில் போட்ட நூடுல்ஸ்) கடைக்குப் போகிறேன், எப்படி நடந்துகொள்ள வேண்டும் என்று கேட்டிருந்தார். இவருடைய பதில்: "சூப்பை மிச்சம் வைத்துவிட்டு எழுந்தால் சமையல்காரரை முகத்தில் அடித்த மாதிரி. கடைசிச் சொட்டு வரை குடியுங்கள்."

நான் தோக்கியோவில் ஆறு வருடமாக இருக்கிறேன். பக்கத்துத் தெருவில் எட்டு நாற்காலி போட்ட ஒரு கடை இருக்கிறது. வாரம் ஒரு தடவையாவது அங்கேதான் சாப்பாடு. வாசலில் உள்ள இயந்திரத்தில் காசு போட்டுச் சீட்டு எடுக்க வேண்டும், வரிசையில் நிற்க வேண்டும், இடம் கிடைத்தால் உட்கார்ந்து பதினைந்து நிமிடத்தில் எழுந்துவிட வேண்டும். எனக்கு இரண்டு பக்கமும் இருப்பவர்கள் ஜப்பான்காரர்கள்தான். அவர்களில் பலர் நூடுல்ஸை முடித்துவிட்டு சூப்பை அப்படியே வைத்துவிட்டுப் போகிறார்கள். யாரும் முறைத்ததில்லை. புதிதாக வருகிறவர்களை ஏன் இப்படிப் பயமுறுத்த வேண்டும்?

ஹகாட்டாவாசி
என் பெயரைப் போட்டே இழை திறந்திருக்கிறீர்கள், சந்தோஷம். அங்கேயே கேட்டிருந்தால் அங்கேயே சொல்லியிருப்பேன்.

ஃபுகுவோகாவில் நான் ஒன்பது வருடம் இருந்தேன். படிக்கும்போது இரண்டு வருடம் ஒரு ராமென் கடையில் பாத்திரம் கழுவினேன். நீங்கள் நாற்காலியில் உட்கார்ந்து பார்த்ததைச் சொல்கிறீர்கள். நான் கழுவுதொட்டிப் பக்கம் நின்று பார்த்ததைச் சொல்கிறேன்.

எங்கள் தைஷோவுக்கு (கடைக்காரரை அப்படித்தான் கூப்பிடுவோம்) மத்தியானக் கூட்டத்தில் தலை நிமிர நேரம் இருக்காது. ஒரு கையில் நூடுல்ஸ் வடிக்கும் வலைக்கூடை, மறு கையில் கரண்டி. ஆனால் சாப்பிட்டவர் கிண்ணத்தைத் தூக்கி மேல் பலகையில் வைத்தால் போதும், அந்தச் சத்தத்துக்கு அவர் கண் அங்கே போய்விடும். கிண்ணம் காலியாக இருந்தால் அவர் சொல்லும் "அரிகாதோ கொசைமாசு" (நன்றி) ஒரு படி சத்தமாக வரும். சூப் நிறைய இருந்தால் குரல் இறங்கும். அப்புறம் அண்டாவிலிருந்து ஒரு சின்னக் கிண்ணத்தில் ஊற்றி ருசி பார்ப்பார். இதை இரண்டு வருடம் தினமும் பார்த்திருக்கிறேன்.

அந்த சூப் என்ன சும்மா வந்ததா? பன்றி எலும்பை இரத்தம் போகக் கழுவி, பெரிய தீயில் மணிக்கணக்காகக் கொதிக்கவிட்டு, அடி பிடிக்காமல் துடுப்பு மாதிரி ஒரு கட்டையால் கிண்டிக்கொண்டே இருக்க வேண்டும். கொழுப்பும் எலும்பில் இருந்து இறங்குவதும் தண்ணீரோடு கலந்து பால் மாதிரி வெளுத்தால்தான் டோன்கோட்சு. நூடுல்ஸை வெளியே வாங்கும் கடைகள் ஏராளம். சூப்தான் அவருடைய கையெழுத்து. அதை விட்டுவிட்டுப் போனால் என்ன அர்த்தம்?

உப்புக்கணக்கு
பசி அடங்கிவிட்டது, அல்லது உப்பு வேண்டாம். அதுதான் அர்த்தம்.

ஜப்பான் சுகாதார அமைச்சகம் ஒரு நாளைக்கு வைத்திருக்கும் உப்பு இலக்கு ஆண்களுக்கு 7.5 கிராமுக்குள், பெண்களுக்கு 6.5 கிராமுக்குள். உலக சுகாதார நிறுவனம் 5 கிராமுக்குள் என்கிறது. ராமெனை சூப்போடு முடித்தால் ஒரே கிண்ணத்தில் 6 கிராம் சர்வசாதாரணமாகப் போய்விடும். அதில் பெரும்பங்கு சூப்பில்தான். எனக்கு இரத்த அழுத்தம் இருக்கிறது. ராமென் சாப்பிடலாமா என்று கேட்டபோது என் மருத்துவர் (அவரும் ஜப்பான்காரர்தான்) சொன்னது இதுதான்: "சாப்பிடுங்கள், சூப்பை மட்டும் விட்டுவிடுங்கள்." அவர் எனக்கு அவமரியாதை செய்யக் கற்றுக்கொடுத்தாரா?

ஹகாட்டாவாசி
நோயாளிகளைப் பற்றி நான் பேசவே இல்லை. ஆரோக்கியமான ஆள் முக்கால் கிண்ணம் சூப்பை விட்டுவிட்டுப் போவதைப் பற்றித்தான் பேசினேன். மருத்துவரை நடுவில் இழுக்காதீர்கள்.

கடைக்காரர்களுக்கு அக்கறையே இல்லை என்று நினைப்பவர்கள் இச்சிரான் கடைக்குப் போய் கிண்ணத்தைக் காலி செய்து பாருங்கள். அடியில் எழுதியிருக்கும்: "இந்த ஒரு சொட்டே எங்களுக்குப் பேரானந்தம்." கடைசிச் சொட்டு என்று நான் சொன்னால் கோபம் வருகிறது. கிண்ணமே சொல்கிறதே, அதற்கு என்ன பதில்?

வரிசைக்காரன்
பதில் இருக்கிறது. குடித்தால் அவர்களுக்கு மகிழ்ச்சி என்று எழுதியிருக்கிறது. குடிக்காவிட்டால் அவமானம் என்று எந்தக் கிண்ணத்தில் எழுதியிருக்கிறது? இரண்டும் ஒன்றா?

ஹகாட்டாவாசி
மகிழ்ச்சியைக் கொடுக்காமல் போவது எதில் சேரும்? நீங்களே சொல்லுங்கள்.

சொல்லாய்வி
ஒரு சின்ன விஷயம். ஜப்பானிய மொழியில் இதற்கு இரண்டு சொற்கள் இருக்கின்றன. 'கன்ஷொகு' என்றால் சாப்பாட்டை முழுவதும் முடிப்பது. 'கன்இன்' என்றால் சூப்பை முழுவதும் குடிப்பது. ராமென் பிரியர்கள் இரண்டையும் தனித்தனியாகத்தான் சொல்கிறார்கள். நூடுல்ஸை முடித்தாலே சூப்பும் முடிந்ததாக அர்த்தம் என்றால் இரண்டாவது சொல்லுக்குத் தேவையே வந்திருக்காது. 'மிச்சம்' என்று நாம் எதைச் சொல்கிறோம், 'அவமரியாதை' என்று எதைச் சொல்கிறோம் என்று முதலில் பேசிவிட்டால் பாதிச் சண்டை தீர்ந்துவிடும்.

மழைக்கால நரி
தோக்கியோ மிட்டாவில் இருக்கும் ஜிரோ என்ற ராமென் கடைக்கு வந்து பாருங்கள். மலை மாதிரி முளைப்பயறு, முட்டைக்கோஸ், தடித்தடியாக நூடுல்ஸ், மேலே ஒரு விரல் கனத்துக்குக் கொழுப்பு மிதக்கும். அங்கே சூப்பைக் குடிக்காமல் எழுபவர்கள்தான் அதிகம். நூடுல்ஸை மிச்சம் வைத்தால் சங்கடம். சூப்பைப் பற்றி யாரும் கவலைப்படுவதில்லை. கிண்ணத்தை மேலே ஏற்றி, துணியால் மேசையைத் துடைத்து, "கோச்சிசோசமா" (சாப்பாட்டுக்கு நன்றி) சொல்லிவிட்டு வந்தால் முடிந்தது. மரியாதை அங்கே இருக்கிறது ஹகாட்டா சார், சொட்டில் இல்லை.

ஹகாட்டாவாசி
ஜிரோ ராமென் அல்ல, ஜிரோ ஜிரோதான் என்று அந்தக் கடையின் ரசிகர்களே சொல்வார்கள். அதை எடுத்துக்காட்டாகக் கொண்டுவந்து டோன்கோட்சுவுக்குச் சட்டம் எழுதுகிறீர்கள்.

அது கிடக்கட்டும். குச்சியைச் சோற்றில் நட்டு வைக்கலாமா என்ற இழையிலும் நீங்கள் இப்படித்தான் "யாரும் கவலைப்படுவதில்லை" என்று எழுதினீர்கள். அது இறந்தவர்களுக்குப் படைக்கும் முறை என்று நான் சொன்ன பிறகு சத்தமே இல்லாமல் நழுவினீர்கள். நான் மறக்கவில்லை.

மழைக்கால நரி
நழுவவில்லை. அன்றைக்கு எனக்கு வேலை இருந்தது. நீங்கள் ஒருவரே பதினேழு பதில் போட்ட இழையில் இன்னொருவர் பேச இடம் எங்கே இருந்தது?

ஹகாட்டாவாசி
பதினான்கு.

தெருவிளக்கு
ராமென் என்பதே சீனச் சாப்பாடு. அதற்கு ஜப்பானிய மரியாதை, சமையல்காரரின் மானம் என்று இத்தனை கதையா?

ஹகாட்டாவாசி
வாருங்கள், உங்களைத்தான் காணோமே என்று பார்த்தேன்.

சீனத்திலிருந்து வந்ததை யார் மறுத்தார்கள்? 1910-ல் தோக்கியோவின் அசகுசாவில் ராய்ராய்கென் கடை திறந்தபோது யோகஹாமா சீனர் தெருவிலிருந்து சமையல்காரர்களைக் கூட்டி வந்தார்கள். நூடுல்ஸுக்கு மஞ்சள் நிறமும் இழுவையும் தரும் கன்சுயி என்ற காரநீரும் சீனத்து வழிதான். ஆனால் டோன்கோட்சு ஃபுகுவோகா பக்கத்து ஊரான குருமேயில் 1937-ல் ஒரு வண்டிக் கடையில் பிறந்தது. அப்போது சூப் தெளிவாகத்தான் இருந்தது. வெள்ளை சூப் வந்தது 1947-ல். ஒரு கடைக்காரர் அடுப்பை மறந்து வெளியே போய்விட்டார், திரும்பி வந்து பார்த்தால் எலும்பு கரைந்து வெளுத்துக் கிடந்தது என்று குருமேயில் சொல்வார்கள். அவர் அதைக் கொட்டாமல் ருசி பார்த்தார். கெட்டுப்போனது என்று நினைத்த சூப்பையே கொட்டாத ஊர் அது. நீங்கள் நல்ல சூப்பை வைத்துவிட்டுப் போகிறீர்கள்.

உப்புக்கணக்கு
கதை நன்றாக இருக்கிறது. உப்பு குறையவில்லை.

தெருவிளக்கு
'ராமேன்' என்று எழுதுவதே தப்பு. ஜப்பானிய உச்சரிப்பில் முதல் எழுத்து நெடில், பின்னால் எகரம் குறில். இங்கே பாதிப் பேர் 'ராமேன்' என்று எழுதுகிறார்கள். இந்த ஹகாட்டா ஆளும் பழைய இழைகளில் 'ராமேன்' என்றுதான் எழுதினார்.

வரிசைக்காரன்
இப்போது அதுவா முக்கியம்? நான் கேட்டதற்கு இன்னும் பதில் வரவில்லை. குடிக்காவிட்டால் அவமானம் என்று ஒரு ஜப்பான்காரர் உங்களிடம் வாய் திறந்து சொன்னாரா? ஆமாம் அல்லது இல்லை.

ஹகாட்டாவாசி
வாய் திறந்து சொல்லமாட்டார்கள். அதுதான் அந்த ஊர். அதனால்தான் குரலைக் கேள் என்கிறேன். ஒரு படி சத்தம். இரண்டு வருடம் அந்தக் குரலோடு வேலை பார்த்தவனிடம் ஆதாரம் கேட்கிறீர்கள். ஒருநாள் மத்தியானம் தொடர்ந்து நான்கு கிண்ணம் சூப்போடு திரும்பி வந்தது. தைஷோ அடுப்பைக் குறைத்துவிட்டு, பின்கதவுப் பக்கம் போய், ஒரு நிமிடம் வெறுமனே நின்றார். திரும்பி வந்து அண்டாவில் புது எலும்பு சேர்த்தார். யாரிடமும் எதுவும் பேசவில்லை. வடிகட்டியில் அந்த நான்கு சூப்பையும் கொட்டியவன் நான். அது தொட்டிக்குள் இறங்கும்போது என்னைப் பார்க்காமல் முகத்தைத் திருப்பிக்கொண்டார். இதற்குமேல் என்ன சொல்ல?

முதல்பயணி
வணக்கம், அந்தக் கேள்வியைக் கேட்டவள் நான்தான். என்னால் இவ்வளவு சண்டையா என்று கஷ்டமாக இருக்கிறது. அடுத்த வாரம் ஃபுகுவோகாவிலும் இரண்டு நாள் இருப்பேன். அங்கே 'கயெதாமா' என்று கூடுதல் நூடுல்ஸ் கேட்கலாம் என்று படித்தேன். எப்போது கேட்க வேண்டும்? சூப்பைக் குடித்துவிட்டா?

ஹகாட்டாவாசி
ஐயோ, குடித்துவிடாதீர்கள் தங்கச்சி! கயெதாமா என்றால் நூடுல்ஸ் மட்டும்தான் வரும், சூப் வராது. அதனால் முதல் நூடுல்ஸ் முடிய இரண்டு வாய் இருக்கும்போதே கேட்டுவிட வேண்டும். கிண்ணத்தில் பாதி சூப்பாவது இருக்க வேண்டும். அங்கே நூடுல்ஸ் மெல்லிசு, மாவில் தண்ணீர் குறைவு, சட்டென்று ஊறிவிடும். அதனால்தான் முதலில் கொஞ்சமாகப் போட்டு, பிறகு தனியாகத் தருகிறார்கள். நாகஹாமா மீன் சந்தைத் தொழிலாளிகள் அவசரமாகச் சாப்பிட்டுப் போகும் வழக்கத்தில் வந்தது அது. வேகும் பதத்தையும் கேட்பார்கள். 'கத்தா' என்றால் கொஞ்சம் விறைப்பு, 'பரிகத்தா' என்றால் நல்ல விறைப்பு. முதல் தடவை 'கத்தா' போதும். இரண்டாவது நூடுல்ஸ் வந்ததும் சூப் கொஞ்சம் நீர்த்துவிடும். மேசையில் தாரே (சூப்புக்கு உப்பும் ருசியும் தரும் சாறு) குப்பி இருந்தால் சில துளி விட்டுக்கொள்ளுங்கள்.

மழைக்கால நரி
எல்லோரும் படித்தீர்களா? "கிண்ணத்தில் பாதி சூப்பாவது இருக்க வேண்டும்." எழுதியவர் ஹகாட்டாவாசி.

ஹகாட்டாவாசி
அது நடுவில். கடைசியில் குடிக்க வேண்டும். தெரிந்தே திரிக்கிறீர்கள்.

உப்புக்கணக்கு
இரண்டு பங்கு நூடுல்ஸ், மேலே தாரே, அப்புறம் முழு சூப்பும். இதை முதல் தடவை வருகிற பெண்ணுக்குச் சொல்லிக் கொடுக்கிறீர்கள். தாரேயில் இருப்பதும் உப்புதான், தெரியுமா?

ஹகாட்டாவாசி
தெரியும். தினமும் நூறு கிண்ணத்தின் அடியில் அதை ஊற்றி வைப்பதைப் பார்த்தவன். முதலில் தாரே, அதன்மேல் சூப், பிறகு நூடுல்ஸ். நீங்கள் எண்களில் பார்த்ததை நான் கண்ணால் பார்த்தேன்.

வரிசைக்காரன்
மறுபடியும் "நான் பார்த்தேன்". ஒரு கடை, ஒரு தைஷோ. ஜப்பானில் எத்தனை ஆயிரம் ராமென் கடை இருக்கிறது? எங்கள் தெருக் கடைக்காரருக்கு வாசலில் நிற்கும் வரிசை சீக்கிரம் நகர வேண்டும், அவ்வளவுதான். கடைசிச் சொட்டுக்காக ரெங்கே கரண்டியோடு மல்லாடிக்கொண்டு உட்கார்ந்தால்தான் பின்னால் நிற்பவர்களுக்குக் கோபம் வரும்.

ஹகாட்டாவாசி
கரண்டி எதற்கு? கிண்ணத்தை இரண்டு கையால் தூக்கிக் குடித்தால் அரை நிமிடம். அதைவிட, சாப்பிட்டு முடித்து போனை நோண்டிக்கொண்டு உட்காருகிறவர்களைச் சொல்லுங்கள். போன வருடம் நீங்கள் போட்ட படத்தில் நூடுல்ஸ் உப்பிப்போய்க் கிடந்தது. படம் எடுக்க எவ்வளவு நேரம் ஆயிற்று?

வரிசைக்காரன்
அந்தப் படம் என் மனைவி எடுத்தது. அவரை இழுக்காதீர்கள்.

முதல்பயணி
நான் போய்விட்டு வந்துவிட்டேன். ஃபுகுவோகாவில் ஹகாட்டா ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் ஒரு சின்னக் கடை. அண்ணா சொன்னபடி 'கத்தா' கேட்டேன், கயெதாமாவும் வாங்கினேன். ரொம்ப நன்றாக இருந்தது. வயிறு நிறைந்துவிட்டது, சூப் பாதிக்குமேல் குடிக்க முடியவில்லை. கிண்ணத்தை மேலே ஏற்றி, மேசையைத் துடைத்து, "கோச்சிசோசமா" சொன்னேன். அவர் சிரித்துக்கொண்டே "அரிகாதோ கொசைமாசு" சொன்னார்.

வரிசைக்காரன்
போதுமா? சிரித்திருக்கிறார்.

ஹகாட்டாவாசி
தங்கச்சி, சத்தமாகச் சொன்னாரா, மெதுவாகவா?

முதல்பயணி
அது சரியாக ஞாபகம் இல்லை அண்ணா. கடையில் ஒரே சத்தம், பக்கத்தில் ஒருவர் அப்போதுதான் உள்ளே வந்தார்.

ஹகாட்டாவாசி
உங்களுக்கு முன்னால் எழுந்தவருக்கு எப்படிச் சொன்னார்? அவர் கிண்ணம் காலியா?

மழைக்கால நரி
பதின்மூன்றாவது பதில்.