கேப் வெடிக்கிறது, மருந்து பற்றவில்லை. குண்டு இன்னும் குழலுக்குள்தான் இருக்கிறது

கேள்வி:

வணக்கம். குழல்வாய் வழியாகக் கெட்டிக்கும் கருமருந்துக் கைத்துப்பாக்கி ஒன்றை கிட்டாக வாங்கி, ஐந்து மாதம் வேலை பார்த்து முடித்தேன். 0.50 அங்குலக் குழல், கேப் (சுத்தி அடித்ததும் வெடித்துத் தீ தரும் சின்ன உலோகத் தொப்பி) வைத்துச் சுடும் வகை. கட்டை பெரும்பகுதி செதுக்கித்தான் வந்தது. ஆனால் குழலும் லாக்கும் (சுத்தியை இயக்கும் விசைப் பகுதி) உட்கார வேண்டிய பள்ளத்தில் அங்கங்கே முட்டல். விளக்குக் கரியை எண்ணெயில் குழைத்துக் குழலின் அடியில் மெல்லியதாகப் பூசி, கட்டையில் வைத்து அழுத்தி எடுப்பேன். கரி ஒட்டிய இடம்தான் மேடு. அங்கே மட்டும் உளியால் ஒரு சீவல், மறுபடி கரி, மறுபடி அழுத்தல். லாக்குக்கு மட்டும் நான்கு ஞாயிற்றுக்கிழமைகள் போயின. இப்போது குழலுக்கும் மரத்துக்கும் நடுவே ஒரு தாள்கூட நுழையாது. கட்டைக்கு ஆளிவிதை எண்ணெய் எட்டுப் பூச்சு, குழலுக்குப் பழுப்பு.

நேற்று முதன்முதலாக ரேஞ்சுக்குக் கொண்டு போனேன். கையேட்டில் உள்ள குறைந்தபட்ச அளவு ‘மூன்று எஃப்’ எனும் நுண்மணிக் கருமருந்து, 0.490 அங்குல ஈயக் குண்டு, அதைச் சுற்ற எண்ணெயிட்ட துணி. மூன்று கேப்பும் நன்றாக வெடித்தன, மருந்து பற்றவே இல்லை. பொறுப்பாளர் கேப்பை எடுத்துவிட்டு, துப்பாக்கியை அங்கேயே பூட்டி வைத்திருக்கிறார். நிப்பிளின் (கேப்பை மாட்டும் துளையுள்ள சிறு முளை) துளை சிறிதாக இருப்பதுதான் காரணமா? கொஞ்சம் துளையிட்டு அகலமாக்கலாமா?

பதில் 1:

தயவுசெய்து நிப்பிளைத் துளையிடாதீர்கள். துளை பெரிதானால் வாயு பின்பக்கமாகப் பாய்ந்து சுத்தியைத் தூக்கும், கேப் துண்டுகள் முகத்தை நோக்கி வரும். தேய்ந்து துளை பெரிதான நிப்பிளைத் தூக்கிப் போடச் சொல்வதே அதனால்தான். கெட்டிப்பதற்கு முன் வெறும் குழலில் கேப் வெடித்துப் பார்த்தீர்களா? எண்ணெய் அடைப்பாகத்தான் இருக்கும்.

பதில் 2:

தம்பி, காரணம் அப்புறம். உள்ளே இருப்பதை முதலில் வெளியே எடுங்கள், பொறுப்பாளரையும் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். வாய் ஆளில்லாத பக்கம் இருக்கட்டும். நிப்பிளைக் கழற்றி அந்தத் துளை வழியாகத் தண்ணீர் விட்டு நன்றாக ஊறவிடுங்கள். கருமருந்து நனைந்தால் பற்றாது. அதன் பிறகுதான் குண்டைத் தள்ளி இறக்கும் கோலின் நுனியில் திருகு முனையை மாட்டிக் குண்டில் ஏற்றி இழுக்க வேண்டும். உலர்ந்த மருந்தின் மேல் திருகை ஏற்றவே கூடாது.

இனி காரணம். கேப்பின் தீ நேராக மருந்தைத் தொடுவதில்லை. நிப்பிளுக்குள் இறங்கி, ஒரு சின்ன அறைக்குள் போய், அங்கே திரும்பித்தான் குழலுக்குள் நுழைகிறது. அந்தத் திருப்பத்தில் ஒரு துளி கிரீஸ் இருந்தால் போதும். புதுக் குழலில் துரு பிடிக்காமல் இருக்கக் கனமான கிரீஸ் பூசித்தான் அனுப்புவார்கள். உங்கள் விளக்குக் கரியும் அதில் போய் ஒட்டியிருக்கும் என்று நினைக்கிறேன். பைப் கிளீனரும் ஆல்கஹாலும் விட்டு அந்தத் திருப்பத்தைத் துடையுங்கள். பிறகு வெறும் குழலில் கேப் வைத்து, குழல்வாயை ஒரு காய்ந்த இலைக்கு அருகே காட்டிச் சுடுங்கள். இலை அசைய வேண்டும். அசையவில்லையென்றால் மருந்தைத் தொடாதீர்கள்.

இன்னொன்று. கோலில் கோடு போட்டிருக்கிறீர்களா? என் இரண்டாவது வருடத்தில், எரிந்த மருந்தின் கசடு ஏறிய குழலில் குண்டு பாதி வழியில் இறுகி நின்றதைக் கவனிக்காமல் சுட வைத்தேன். கைக்கு ஒன்றும் ஆகவில்லை, குழல் மட்டும் நடுவில் வளையம் போட்டதுபோல் உப்பிவிட்டது. மருந்துக்கும் குண்டுக்கும் நடுவே இடைவெளி இருந்தால் அப்படித்தான் ஆகும், சில சமயம் குழலே பிளந்துவிடும். அந்தக் குழலை இன்றும் பணிமேசைக்கு மேலே மாட்டி வைத்திருக்கிறேன். வெறும் குழலில் கோலை விட்டு ஒரு கோடு, சரியாகக் கெட்டித்த பிறகு ஒரு கோடு. ஒவ்வொரு முறையும் அந்த இரண்டாவது கோடு வாயோடு ஒட்டி வந்தால்தான் கேப் வைக்க வேண்டும்.

பதில் 3:

கேப் வெடித்தும் சுடாவிட்டால் ஒரு நிமிடமாவது இலக்கை நோக்கியே பிடித்திருங்கள், தாமதமாகப் பற்றுவதுண்டு. துணிக்கு என்ன எண்ணெய் போட்டீர்கள்? பெட்ரோலிய எண்ணெய் இந்த மருந்தோடு சேர்ந்தால் தார் மாதிரி இறுகும். தேன்மெழுகும் தாவர எண்ணெயும் கலந்து பாருங்கள், ஒவ்வொரு சுடுதலுக்கும் பின் ஈரத்துணி ஒன்று விடுங்கள். பழங்கால வாய்க்கெட்டுத் துப்பாக்கிகளுக்கான உலகப் போட்டிகளில் கேப் கைத்துப்பாக்கியை 25 மீட்டரில்தான் சுடுகிறார்கள். 13 முறை சுட்டு, சிறந்த பத்தைக் கணக்கில் எடுப்பார்கள். நான் அந்த 13ஐயும் ஒரே சீராகச் சுடக் கற்றது ஈரத்துணியால்தான்.

ஆளிவிதை எண்ணெய் துடைத்த துணிகளைச் சுருட்டிக் குப்பையில் போட்டுவிடாதீர்கள். தானே சூடேறித் தீப்பிடிக்கும். விரித்துக் காயவிடுங்கள்.

கேள்வி கேட்டவர்:

அண்ணா சொன்னபடியே செய்தேன். தண்ணீர் விட்டதும் மருந்து கூழாகிவிட்டது, திருகில் குண்டு இரண்டு இழுப்பில் வந்தது. நிப்பிளுக்குக் கீழே பைப் கிளீனர் விட்டபோது, மிளகு அளவுக்குக் கருப்பு மசகு உருண்டை ஒன்று சுருண்டு வந்தது. நான் பூசிய கரியேதான். அடுத்த கேப்புக்கு இலை அசையவில்லை. இன்னொரு முறை ஆல்கஹால். அதற்கடுத்த கேப்புக்கு இலை எழுந்து விழுந்தது.

பிறகு ஒன்பது முறை சுட்டேன், ஒன்றுகூடத் தவறவில்லை. முதல் புகை என் கண்ணெதிரே இலக்கை மறைத்தபோது, ஐந்து மாத உளி வேலையும் கைக்குள் அதிர்ந்தது. கோலில் இரண்டு கோடும் போட்டாயிற்று.

ஒரு சந்தேகம்: வீட்டில் கொதிநீரும் சோப்பும் விட்டுக் கழுவினேன். துடைத்த வெள்ளைத் துணி ஆரஞ்சு நிறத்தில் வருகிறதே?

பதில் 2:

அது உடனடித் துரு. கொதிநீர் வேண்டாம், வெதுவெதுப்பே போதும். கழுவியதும் துணி கருப்பில்லாமல் வரும்வரை உலர்த்தி, உடனே எண்ணெய் விடுங்கள். நாளை காலை இன்னொரு துணி விட்டுப் பாருங்கள், மறுநாளும் பாருங்கள். கசடு ஈரத்தை இழுத்துக்கொள்ளும், ஒரே நாளில் முடிந்துவிடாது. அடுத்த முறை கெட்டிப்பதற்கு முன் அந்த எண்ணெயைத் துடைத்துவிட்டு, இலையை வைத்துப் பார்த்துவிடுங்கள் தம்பி.