வீடு மாறினால் பத்து நாளுக்குள் ஏஆர்-11: அமெரிக்காவில் இருப்போர் சிக்கிக்கொள்ளும் இடங்கள்

வெவ்வேறு ஊர்களில் இருக்கும் நம் ஆட்கள் ஆளுக்கொன்றாகச் சொன்னவை, ஊர்ப்பெயரோடு.

எடிசன், நியூ ஜெர்சி

கரண்ட், இன்டர்நெட், பிள்ளையின் ஸ்கூல், பேங்க் என்று எல்லா இடத்திலும் முகவரியை மாற்றிவிட்டு, ஏஆர்-11 என்ற முகவரி மாற்றப் படிவத்தை மட்டும் விட்டுவிடுகிறார்கள். எச்-1பி (வேலை விசா), எச்-4 (அவர்கள் குடும்பத்தாருக்கான விசா), கிரீன் கார்டு எதுவாக இருந்தாலும் சரி, அமெரிக்கக் குடியுரிமை இல்லாதவர் குடிபோன பத்து நாளுக்குள் யுஎஸ்சிஐஎஸ்-க்கு (குடியேற்றச் சேவை அலுவலகம்) புது முகவரியைத் தெரிவித்தாக வேண்டும். ஏ, ஜி விசாக்காரர்கள் (தூதரகம், சர்வதேச அமைப்புகளில் இருப்பவர்கள்) போன்ற சிலருக்குத்தான் விலக்கு. கட்டணம் கிடையாது. சொல்லாமல் விட்டால் 200 டாலர் வரை அபராதம், 30 நாள் வரை சிறை என்கிறது குடியேற்றச் சட்டம்; வேண்டுமென்றே விட்டதாகத் தெரிந்தால் நாடுகடத்தவும் அதில் இடம் உண்டு.

யுஎஸ்சிஐஎஸ் ஆன்லைன் கணக்குக்குள் போய் அங்கேயே மாற்றுவதுதான் நல்லது. 2023 அக்டோபரிலிருந்து அங்கே ஒருமுறை மாற்றினாலே ஏஆர்-11 கடமையும் முடியும், நிலுவையில் உள்ள விண்ணப்பங்களிலும் முகவரி மாறும். காகிதப் படிவத்தைத் தபாலில் அனுப்பினால் முதல் வேலை மட்டும்தான் நடக்கும். ஐ-485 (கிரீன் கார்டு விண்ணப்பம்) ஃபைலில் பழைய முகவரியே கிடக்கும். ஆகவே ஆன்லைனில் மாற்றும்போது கொடுக்க, ஒவ்வொரு விண்ணப்பத்துக்கும் உரிய, மூன்று எழுத்தும் பத்து எண்ணும் கொண்ட ரசீது எண்கள் எல்லாவற்றையும் முதலில் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். ஒன்றை விட்டாலும் அந்த ஒன்றுக்கான கைரேகை நோட்டீஸ் பழைய வீட்டுக்குத்தான் போகும். அந்தத் தேதிக்குப் போகாவிட்டால், விண்ணப்பத்தைக் கைவிட்டதாக எடுத்துக்கொண்டு நிராகரித்துவிடுவார்கள். கடைசியில் வரும் உறுதிப்பக்கத்தை பிடிஎஃப் ஆகச் சேமித்து, ஐ-797 நோட்டீஸ்களோடு (யுஎஸ்சிஐஎஸ் அனுப்பும் ரசீது, ஒப்புதல் கடிதங்கள்) வையுங்கள்.

டல்லஸ்

இதோடு ஒன்று. வீட்டில் நாலு பேர் என்றால் நாலு முறை செய்ய வேண்டும். கணவர் தன் பெயரில் மாற்றிவிட்டு எல்லாருக்கும் மாறிவிட்டது என்று இருந்துவிடுவார். மனைவியின் எச்-4 வேலை அனுமதி அட்டை பழைய அபார்ட்மென்டுக்குப் போய்ச் சேரும். 14 வயதுக்குக் குறைந்த குழந்தைக்குப் பெற்றோர் செய்யலாம், ஆனால் குழந்தை பெயரில் தனியாக.

நம் ஆட்களுக்குப் பெயரிலும் ஒரு சிக்கல் இருக்கிறது. பாஸ்போர்ட்டில் ஒரே பெயர்தான் என்றால் விசாவில் எஃப்என்யு (முதல் பெயர் தெரியவில்லை) என்று சேர்ந்திருக்கும். அப்பா பெயரை இனிஷியலாகப் போட்டவர்களுக்கு ஒவ்வொரு ஆவணத்திலும் ஒவ்வொரு மாதிரி இருக்கும். கடைசியாக வந்த ஐ-797-இல் எப்படி இருக்கிறதோ, எழுத்து மாறாமல் அப்படியே கொடுங்கள்.

எச்-1பி-காரர்கள் இன்னொன்றையும் குழப்பிக்கொள்கிறார்கள். ஏஆர்-11 குடியிருக்கும் வீட்டுக்கு. வேலை செய்யும் இடம் வேறு மாநகர வட்டாரத்துக்கு மாறினால் கம்பெனி திருத்திய எச்-1பி மனு போட வேண்டும். 2015-இல் சிமியோ என்ற கம்பெனியின் வழக்கில் வந்த தீர்ப்புக்குப் பிறகு அதுதான் நடைமுறை. வீட்டிலிருந்தே வேலை என்றால், வீடு மாறுவதற்கு முன்னாலேயே எச்ஆரிடம் சொல்லிவிடுங்கள்.

சான் ஹோசே

முகவரியைச் சரியாகக் கொடுத்தும் கார்டு திரும்பிப் போவது ஏன் என்று பலரும் கேட்கிறார்கள். தபால் பெட்டியைப் போய்ப் பாருங்கள். லீஸ் ரூம்மேட் பெயரில் இருக்கும், பெட்டிக்குள் ஒட்டிய சீட்டில் அவர் பெயர் மட்டும் இருக்கும். தபால்காரருக்கு உங்கள் பெயர் தெரியாவிட்டால் உறை வந்த வழியே திரும்பிவிடும். பெட்டியின் உள்பக்கம் உங்கள் முழுப்பெயரையும் ஒட்டுங்கள். அபார்ட்மென்ட் எண்ணைத் தெருப்பெயரோடு சேர்த்து எழுதாமல், அதற்கென்று உள்ள கட்டத்தில் போடுங்கள்.

தபால் நிலையத்தில் ஃபார்வேர்டிங் போட்டிருக்கிறோமே என்று நிம்மதியாக இருக்க முடியாது. கார்டு வரும் உறைகளைப் புது முகவரிக்குத் திருப்பிவிடாமல் அனுப்பிய அலுவலகத்துக்கே அனுப்பிவிடுவார்கள்.

பிட்ஸ்பர்க்

எஃப்-1 மாணவர்கள்: பத்து நாளுக்குள் கல்லூரியின் டிஎஸ்ஓ-விடம் (வெளிநாட்டு மாணவர்களுக்கான அதிகாரி) சொன்னால் போதும், அவர் செவிஸில் (அரசின் மாணவர் பதிவுத் தளம்) ஏற்றுவார். ஓபிடியில் (படிப்போடு சேர்ந்த வேலை அனுமதி) இருப்பவர்கள் செவிப் போர்ட்டல் என்ற மாணவர் இணையப் பக்கத்தில் தாங்களே மாற்றலாம். ஆனால் ஐ-765 (வேலை அனுமதி விண்ணப்பம்) நிலுவையில் இருந்தால் யுஎஸ்சிஐஎஸ்-இலும் தனியாக மாற்றியே ஆக வேண்டும். செவிஸில் மாற்றியது அந்த ஃபைலுக்குப் போகாது.

ஸ்டேட்டன் ஐலண்ட்

மேலே யாரும் தொடாத விஷயம் இது. இலங்கையிலிருந்து வந்து தஞ்சம் கேட்டு, குடியேற்ற நீதிமன்றத்தில் வழக்கு இருப்பவர்களுக்குக் கெடு பத்து நாள் கிடையாது, ஐந்தே நாள். படிவமும் வேறு: இஓஐஆர்-33. நீதிமன்றத்துக்கு ஒன்று, அரசுத் தரப்பு வழக்கறிஞர் அலுவலகத்துக்கு ஒரு பிரதி, குடும்பத்தில் ஆளுக்கு ஒன்று. ஏஆர்-11 போட்டுவிட்டோம் என்று இருந்தால் நீதிபதிக்கு எதுவும் தெரியாது, விசாரணை நோட்டீஸ் பழைய முகவரிக்குப் போகும். நீங்கள் வராத நிலையிலேயே வெளியேற்ற உத்தரவு வந்துவிடும். "நோட்டீஸ் கிடைக்கவில்லை" என்று பிறகு முறையிட்டாலும், முகவரியைச் சொல்லாதது உங்கள் தவறு என்றால் அந்த வாதம் நிற்பது கஷ்டம். தயவுசெய்து சாமான் கட்டும்போதே இந்தப் படிவத்தை எடுத்து வையுங்கள்.

எடிசன், நியூ ஜெர்சி

விட்டுப்போன ஒன்று. அப்பா அம்மாவுக்கு ஐ-864 (செலவுக்கு நான் பொறுப்பு என்ற ஸ்பான்சர் உறுதிமொழி) கையெழுத்துப் போட்டு கிரீன் கார்டு வாங்கித் தந்தவர், தான் குடிமகனாகவே இருந்தாலும், வீடு மாறிய 30 நாளுக்குள் ஐ-865 என்ற ஸ்பான்சர் முகவரி மாற்றப் படிவத்தை அனுப்ப வேண்டும். தவறினால் அபராதம் 250 டாலரில் ஆரம்பிக்கிறது. ஸ்பான்சர் பொறுப்பு தீரும்வரை, ஒவ்வொரு முறை மாறும்போதும் இது உண்டு.