சாம்பலில் வரைந்த தீயணைப்பாளர்: மரியாதையா, சமாளிப்பா?

கரித்துண்டு:
பிரேசிலின் சாவோ பாவுலோவில் 2021-இல் முண்டானோ என்ற தெருவோவியர் ஓர் உயரமான கட்டடத்தின் பக்கச்சுவர் முழுக்கத் தீயணைப்பாளர் ஒருவரை வரைந்தார். நிறத்துக்கு எடுத்தது எரிந்த காடுகளின் சாம்பலையும் கரியையும். அமேசான், பண்டனால் சதுப்புநிலம், செராடோ புல்வெளி, அட்லாண்டிக் காடு என்று நான்கு இடங்களில் அள்ளியது. காண்டிடோ போர்ட்டினாரி 1934-இல் வரைந்த காப்பித் தோட்டத் தொழிலாளியை அடியொற்றிய படம் அது. தீக்குள் இறங்குகிறவர்களுக்கு இதைவிட நல்ல மரியாதை எனக்குத் தோன்றவில்லை.

பொரிகடலை:
மரியாதை சரி, கூலி? காட்டுத்தீயை அணைக்கும் அந்த நாட்டு அரசின் ப்ரெவ்ஃபோகோ படைக்குப் பெரும்பாலும் வறண்ட மாதங்களுக்குத்தான் ஒப்பந்தத்தில் ஆள் எடுக்கிறார்கள். மழை வந்தால் வேலை போச்சு. இது போதாதென்று ஊர்க்காரர்கள் சம்பளமே இல்லாமல் வந்து அணைக்கிறார்கள். சுவரில் ஆளைப் பெரிதாக நிறுத்திவிட்டுக் கீழே நின்று செல்ஃபி எடுத்தால், அவர் காலுக்கு பூட்ஸ் வந்துவிடுமா?

கரித்துண்டு:
சுவரிடம் போய்ச் சம்பளப் பட்டியல் கேட்கிறீர்களே! 2020-இல் பண்டனாலில் நான்கில் ஒரு பங்குக்கு மேல் எரிந்தது. சாவோ பாவுலோவில் இருக்கிறவருக்கு அது எங்கோ நடந்த டிவிச் செய்தி. அந்தச் சாம்பலே அவர் தெருவுக்கு வந்து நின்றால் நிமிர்ந்து பார்க்கத்தானே வேண்டும்?

சக்கரக்காரன்:
நடுவில் நுழைவதற்கு மன்னிக்கவும், நான் மட்பாண்டம் செய்கிறவன். எல்லாச் சாம்பலும் ஒன்றல்ல. மரச்சாம்பலில் சுண்ணாம்புச் சத்தும் பொட்டாசியமும் இருக்கும். களிமண்ணோடு கரைத்துப் பாண்டத்தில் பூசி 1,200 டிகிரிக்கு மேல் சுட்டால் கண்ணாடி மாதிரி உருகிப் பிடிக்கும். சீனாவிலும் ஜப்பானிலும் பல நூற்றாண்டுகளாகச் செய்கிறார்கள். ஆனால் 2018 நவம்பரில் கலிஃபோர்னியாவின் பாரடைஸ் ஊர் எரிந்ததே, அந்தச் சாம்பல் வேறு. 18,000-க்கும் மேற்பட்ட கட்டடங்கள் போயின, 85 பேர் இறந்தார்கள். பழைய பெயிண்டின் ஈயம், ஆஸ்பெஸ்டாஸ், கருகிய பிளாஸ்டிக் எல்லாம் அதில் கலந்து கிடக்கும். அதை டீ கப்பில் பூசி 'தீயணைப்பாளர் நிதிக்கு' என்று விற்றால் நான் வாங்க மாட்டேன். கரித்துண்டு சொன்ன போர்ட்டினாரியே பெயிண்டில் இருந்த ஈயம் உடம்பில் ஏறித்தான் 1962-இல் இறந்தார்.

அதே பாரடைஸில், வீடு போய்ச் சாவி மட்டும் மிஞ்சியவர்கள் கொடுத்த ஆயிரக்கணக்கான சாவிகளைக் கோத்து ஒரு பீனிக்ஸ் பறவை செய்தார்கள். அது எனக்குப் பிடிக்கும். யாரும் அதற்கு விலை ஒட்டவில்லை.

பொரிகடலை:
விலை என்றதும் ஞாபகம் வருகிறது. ஆஸ்திரேலியக் காட்டுத்தீக்கு 2020 தொடக்கத்தில் நகைச்சுவை நடிகை செலஸ்ட் பார்பர் திரட்டிய நிதி 5 கோடி ஆஸ்திரேலிய டாலரைத் தாண்டியது. பெற்றுக்கொள்பவர் என்று நியூ சவுத் வேல்ஸ் கிராமப்புறத் தீயணைப்புச் சேவையின் அறக்கட்டளையைப் போட்டுவிட்டார். அப்புறம் வீடு இழந்தவர்களுக்கும் விலங்குகளுக்கும் பிரித்துத் தரலாமா என்றால், அறக்கட்டளைப் பத்திரத்தில் அதற்கு இடமில்லை என்று அந்த ஆண்டு மே மாதம் நீதிமன்றம் சொல்லிவிட்டது. இரக்கப்பட்டுக் கொடுக்கிற காசின் லட்சணம் இது. 2025 ஜனவரியில் லாஸ் ஏஞ்சலஸ் தீயை அணைக்கப் போன சிறைக்கைதிகளுக்கு அடிப்படை நாள் கூலி அப்போது 5.80 முதல் 10.24 அமெரிக்க டாலர்தான். ஏலத்தில் ஓர் ஓவியம் போகும் விலையைப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

கரித்துண்டு:
ஓவியத்தால் கூலி ஏறாது, ஒப்புக்கொள்கிறேன். அது அரசாங்கம் தர வேண்டியது. அதற்காக வரையாமல் இருந்தால் மட்டும் ஏறிவிடுமா? விற்கிறவர், காசு யார் கணக்குக்கு, எதற்காகப் போகிறது என்று படத்துக்குக் கீழேயே எழுதட்டும். அவ்வளவுதான் என்னால் இறங்கிவர முடியும். சக்கரக்காரரே, காட்டுச் சாம்பல் மட்டும் என்றால் வீட்டில் முயன்று பார்க்கலாமா?

சக்கரக்காரன்:
பார்க்கலாம். சலிக்கும்போது மாஸ்க் கட்டாயம். தண்ணீரில் ஊறப்போட்டு, மேலே தெளிகிற நீரை இறுத்துவிடுங்கள். வெறுங்கையை மட்டும் விடாதீர்கள், அந்தத் தண்ணீரின் காரத்துக்குத் தோல் உரிந்துவிடும்.