விடுதி வாசலில் கைரேகையும் குறுஞ்செய்தியும் தேவையா?

காப்பாளர்: பதிவேட்டில் கையெழுத்திட்டு வெளியே செல்லும் முறையை நிறுத்திவிட்டு, வாசலில் மாணவர் கைரேகை பதித்தவுடன் பெற்றோருக்குக் குறுஞ்செய்தி செல்லும் முறையைக் கொண்டுவர வேண்டும் என்பது என் கருத்து. நண்பனுக்காக இன்னொருவர் கையெழுத்திடுவதும், பெற்றோர் பெயரில் மாணவரே விடுப்புக் கடிதம் எழுதிக்கொள்வதும் விடுதிகளில் புதிதல்ல. இரவில் தீ விபத்து நேர்ந்தால், உள்ளே இருப்பவர் யார் என்று பதிவேட்டைப் புரட்ட நேரம் இருக்காது.

ஆய்வு மாணவி: ஆள்மாறாட்டம் நடப்பதை மறுக்கவில்லை, அதற்குக் கைரேகைதான் மருந்தா என்று கேட்கிறேன். அட்டை தொலைந்தால் வேறொன்று வாங்கலாம், விரலை மாற்ற முடியாது. அமெரிக்க அரசின் பணியாளர் மேலாண்மை அலுவலகத்திலிருந்து 56 லட்சம் பேரின் கைரேகைகள் களவு போனது 2015இல் தெரியவந்தது. அங்கேயே அந்தக் கதி என்றால், வாசலோரக் கணினியை எப்படி நம்புவது? மாணவர் வருகையை முக அடையாளத்தால் பதிந்த ஸ்வீடன் நகராட்சி ஒன்றுக்கு 2019இல் இரண்டு லட்சம் குரோனா அபராதம் விதிக்கப்பட்டது. பள்ளியின் பிடியில் இருப்பவர் தரும் ஒப்புதல் சுதந்திரமானதாகாது என்பது அதற்குச் சொல்லப்பட்ட காரணங்களுள் ஒன்று.

காப்பாளர்: அது வகுப்பறையில் கேமரா வைத்த வழக்கு. முறையாக அமைத்த கருவி ரேகையின் படத்தை வைத்துக்கொள்வதில்லை. ரேகைகள் முடியும், பிரியும் புள்ளிகளைக் கணித்து அந்தக் குறிப்பை மட்டுமே சேமிக்கிறது.

நிரலாளர்: அந்தக் குறிப்பிலிருந்தே ரேகையை ஏறக்குறைய மீட்டுவிடலாம் என்று ஆய்வாளர்கள் காட்டியிருக்கிறார்கள். என் கவலை வேறு. இந்த ஏற்பாடு முழுவதும் சேர்க்கைப் படிவத்தில் 'தந்தையின் கைபேசி எண்' என்ற கட்டத்தை நம்பி நிற்கிறது. அங்கே அறைத்தோழனின் அண்ணன் எண் இருந்தால், 'மாலை 6.10க்கு வெளியேறினார்' என்ற செய்தி அந்த அண்ணனுக்குத்தான் போகும். ஈர விரலைக் கருவி ஏற்காமல் வரிசை நீண்டால், காவலர் கதவைத் திறந்துவிடுவார். அப்படிப் பதிவாகாமல் வெளியேறியவரைத்தான் தீ விபத்தன்று உள்ளே தேடிக்கொண்டிருப்பீர்கள்.

காப்பாளர்: சேர்க்கை நாளிலேயே அந்த எண்ணை அழைத்துச் சரிபார்த்துவிடலாம். ரேகை பதியாதவருக்கு அட்டை தரலாம்.

ஆய்வு மாணவி: பதியாதவருக்கு அட்டை போதுமென்றால், பதிய விரும்பாதவருக்கும் போதுமே! இங்கிலாந்தில் 2012ஆம் ஆண்டுச் சட்டப்படி, 18 வயது நிரம்பாத மாணவர் மறுத்தால் பள்ளி மாற்று வழி தந்தாக வேண்டும். 18 நிரம்பியவர் கடைக்குப் போவதைத் தந்தைக்கு அறிவிப்பது எந்த வகையில் பாதுகாப்பு?

காப்பாளர்: அட்டையை ஏற்கிறேன், செய்தியை விட மாட்டேன். மகன் திரும்பவில்லை என்றால் பெற்றோர் கேள்வி கேட்பது என்னைத்தான்.

ஆய்வு மாணவி: அப்படியானால், குறித்த நேரத்தில் திரும்பாதபோது மட்டும் செய்தி அனுப்புங்கள்; அதையும் முதலில் மாணவருக்கே அனுப்புங்கள்.