ஆண்களின் குறைகளைப் பேசும் இணையக் குழுக்கள் எந்த இடத்தில் பெண் வெறுப்பாக மாறுகின்றன?

மாறன் (கேள்வி):

கல்லூரியில் படிக்கும் என் அக்கா மகன், பெண்ணியத்தை எதிர்க்கும் இணையக் குழுக்களில் அதிக நேரத்தைச் செலவழிக்கிறான். ஆண்களின் தற்கொலையைப் பற்றியும், மணமுறிவுக்குப் பின் பிள்ளைகளைப் பார்க்க முடியாமல் தவிக்கும் தந்தையரைப் பற்றியும் அவன் பேசும்போது என்னால் மறுக்க முடிவதில்லை. ஆனால், அடுத்த வாக்கியத்திலேயே பெண்கள் இயல்பிலேயே சுயநலக்காரர்கள் என்ற முடிவுக்குத் தாவிவிடுகிறான். இத்தகைய குழுக்கள் அனைத்தையும் ஒன்றாகக் கருதுவது நியாயமா? அவற்றைத் தடை செய்ததால் எங்கேனும் பயன் விளைந்திருக்கிறதா?

இளவேனில்:

மாறன் அவர்களுக்கு, அவை ஒன்றல்ல. ஆனால் அவற்றுக்கு இடையே மதில்களும் இல்லை. 'மேனோஸ்பியர்' என்று பொதுவாகச் சொல்லப்படும் இவ்வுலகில் ஆண் உரிமை பேசுவோர், பெண்களை வசப்படுத்தும் உத்திகளைக் கற்பிப்போர், பெண்களின் உறவே வேண்டாம் என்று விலகுவோர், தமக்குத் துணை கிடைக்காததற்குப் பெண்களே காரணம் என்று நம்பும் 'இன்செல்'கள் எனப் பல பிரிவினர் உள்ளனர். இவர்களில் கடைசிப் பிரிவின் வரலாறு வியப்பானது. 1997இல் கனடாவில் ஒரு மாணவி, தம்மைப் போலத் தனிமையில் வாடும் ஆண்களும் பெண்களும் மனம்விட்டுப் பேசுவதற்காகத் தொடங்கிய வலைத்தளமே அதன் தொடக்கம். அதே பெயரைச் சுமந்த குழுக்களில், 2014இல் கலிபோர்னியாவின் ஐலா விஸ்டாவில் ஆறு பேரைக் கொன்றவன் பிற்காலத்தில் வீரனாகக் கொண்டாடப்பட்டான்.

2021இல் வெளியான ஓர் ஆய்வு, ஏறத்தாழ 2.88 கோடி பதிவுகளை அலசி, ஒப்பீட்டளவில் மிதமான பழைய குழுக்கள் தேய்ந்து, கடுமையான புதிய குழுக்கள் வளர்ந்ததையும், முன்னவற்றில் இருந்தவர்கள் கணிசமாகப் பின்னவற்றுக்கு நகர்ந்ததையும் காட்டியது. மிதமான குழுவில் சேரும் ஒவ்வொருவரும் அங்கே போய்ச் சேர்வார் என்று இதற்குப் பொருளில்லை. உங்கள் அக்கா மகனைப் பற்றி இப்போதே அஞ்ச வேண்டியதும் இல்லை.

செந்தில்நாதன்:

வன்முறையாளர்களை முன்னிறுத்தியே இந்த உரையாடல் எப்போதும் தொடங்குவது எனக்கு ஏற்புடையதன்று. உலக அளவில் ஆண்களின் தற்கொலை விகிதம் பெண்களுடையதைப் போல இரு மடங்குக்கும் மேல் என்று உலக சுகாதார நிறுவனமே கூறுகிறது. இதைச் சொல்லும் இளைஞனை உடனே பெண் வெறுப்பாளன் என்று முத்திரை குத்தினால், அவன் சொல்வதைக் காதுகொடுத்துக் கேட்கும் ஒரே இடத்துக்குத்தான் போவான். டொரொன்டோவில் 2018இல் வேனை ஏற்றிப் பலரைக் கொன்றவனின் வழக்கில்கூட, அவன் தன் பெயர் பரவுவதற்காகவே இன்செல் கொள்கையைப் பயன்படுத்திக்கொண்டான் என்றுதான் நீதிபதி கண்டார்.

கயல்விழி:

செந்தில்நாதன் அவர்கள் சொல்லும் முதல் பகுதியை நான் மறுக்கவில்லை. ஆனால், ஆண்களின் துயரத்தைப் பேசுவதற்குப் பெண் வெறுப்பு தேவையே இல்லை என்பதற்குச் சான்று உண்டு. 2003இல் மெல்போர்னில் தொடங்கிய 'மூவெம்பர்' இயக்கம், ஆண்களின் புற்றுநோய்க்கும் மனநலத்துக்கும் தற்கொலைத் தடுப்புக்கும் நிதி திரட்டி வருகிறது. அதற்காக எந்தப் பெண்ணையும் ஏச வேண்டிய நிலை அதற்கு ஏற்படவில்லை. ஒரு குழு தற்கொலைப் புள்ளிவிவரத்தைச் சொன்ன பிறகு என்ன கேட்கிறது என்று பாருங்கள். மருத்துவ உதவி கேட்கிறதா, அல்லது ஒரு பெண் பத்திரிகையாளரின் முகவரியைத் தேடுகிறதா? கோடு அங்கேதான் விழுகிறது. யுனெஸ்கோ 2020இல் நடத்திய கணக்கெடுப்பில், பதிலளித்த பெண் பத்திரிகையாளர்களில் 73 விழுக்காட்டினர் இணைய வன்முறையை எதிர்கொண்டதாகக் கூறினர். எழுதுவதையே நிறுத்திவிடும் பெண்களைப் பற்றிக் கருத்துச் சுதந்திரம் பேசுவோர் ஏனோ அதிகம் கவலைப்படுவதில்லை.

தடையைப் பற்றி: ரெடிட் என்ற இணைய உரையாடல் தளம் 2015இல் இரண்டு வெறுப்புக் குழுக்களை மூடியபின், அவற்றிலிருந்து ரெடிட்டிலேயே தங்கியவர்களின் வெறுப்புப் பேச்சு குறைந்தது 80 விழுக்காடு சரிந்ததாக ஓர் ஆய்வு கண்டது. 2017 நவம்பரில் அதே தளம் இன்செல் குழுவைத் தடை செய்தபோது, அவர்கள் சொந்தத் தளம் அமைத்துக்கொண்டனர். எனினும் பதிவுகளும் புதிதாகச் சேர்வோரின் எண்ணிக்கையும் வெகுவாகக் குறைந்ததை வேறோர் ஆய்வு கண்டது. அதே ஆய்வில் ஒப்பிடப்பட்ட, ரெடிட் தடை செய்த டிரம்ப் ஆதரவுக் குழுவிலோ, வேறு தளத்துக்கு இடம்பெயர்ந்தோரிடம் கடுமை கூடியதற்கான அறிகுறிகள் தென்பட்டன. ஆகவே, தடை வாசலைக் குறுக்குகிறது. ஏற்கெனவே உள்ளே இருப்பவர் எல்லோரையும் அது திருத்திவிடுவதில்லை.

மாறன்:

மூவருக்கும் நன்றி. பெண்களில் 80 விழுக்காட்டினர் ஆண்களில் 20 விழுக்காட்டினரையே நாடுகிறார்கள் என்று அவன் அடிக்கடி சொல்கிறான். இதற்கு என்ன மறுமொழி சொல்வது?

இளவேனில்:

அந்தக் கூற்றுக்குச் சான்றாகப் பலமுறை காட்டப்படுவது, ஓகேகியூபிட் என்ற துணைதேடும் தளம் 2009இல் வெளியிட்ட ஒரு கட்டுரை. அதில் பெண்கள், ஆண்களில் 80 விழுக்காட்டினரின் தோற்றத்தைச் சராசரிக்குக் கீழாக மதிப்பிட்டது உண்மைதான். ஆனால், அவ்வாறு மதிப்பிடப்பட்ட ஆண்களுக்கே பெண்கள் தாராளமாகச் செய்தி அனுப்பியதையும் அதே கட்டுரை சொல்கிறது. பெண்களின் தோற்றத்தை நடுநிலையோடு மதிப்பிட்ட ஆண்களோ, தங்கள் செய்திகளில் மூன்றில் இரண்டு பங்கை மிக அழகான மூன்றில் ஒரு பங்குப் பெண்களுக்கே அனுப்பியிருந்தனர். மேலும், ஒரு தளத்தில் பதிவு செய்தோரின் சொடுக்குகளை உலகத்துப் பெண்கள் அனைவரின் இயல்பாக நீட்டுவது எவ்வகையிலும் பொருந்தாது. இதை அவனிடம் வாதமாக வைக்காதீர்கள். அக்கட்டுரையை இருவரும் சேர்ந்து முழுவதுமாகப் படியுங்கள், பிறகு அவன் குழு எந்தப் பாதியை மட்டும் எடுத்துக்கொண்டது என்று அவனையே சொல்லச் சொல்லுங்கள்.