அடைமழையில் தரங்கம்பாடிக் கரை: போகிறவர்களுக்குப் புனைபெயரில் மூன்று பேர் சொல்லும் குறிப்புகள்

பொறையார்க்காரர்:

ஐப்பசி, கார்த்திகையில் வருகிறவர்கள் விடிந்ததும் கடற்கரைக்கு ஓடி, நனைந்து, பத்து மணிக்கே வண்டியைத் திருப்பிவிடுகிறார்கள். வடகிழக்குப் பருவமழை கரையோரத்தில் பின்னிரவிலும் காலையிலும்தான் வலுக்கும். நண்பகலுக்கு மேல் பெரும்பாலும் மழை விட்டு வெறிப்பு கிடைக்கும். காற்றழுத்தத் தாழ்வு நிலை கொண்டிருந்தால் மட்டும் இந்தக் கணக்கு செல்லாது. ஆகவே காலையில் கூரை, மதியத்துக்கு மேல் மணல்.

கூரைக்குப் பஞ்சமில்லை. 1792-ல் கட்டிய நகர வாயிலில் நுழைந்து ராஜ வீதியில் கடலை நோக்கி நடந்தால் 1701-ன் சீயோன் ஆலயம், ஜெர்மானிய மதபோதகர் சீகன்பால்கு அடக்கமான புதிய எருசலேம் ஆலயம் (1718), கடைசியில் டேனியர்களின் டேன்ஸ்போர்க் கோட்டை. எல்லாம் நடைதூரம். மழை பிடித்தால் எது பக்கமோ அதில் ஒதுங்கிக்கொள்ளலாம். கோட்டையின் கீழ்த்தளத்தில் வளைவுக் கூரை போட்ட கிடங்கு அறைகள் இருக்கின்றன. 1620-ல் எழுந்த இந்தக் கோட்டையை அவசரமில்லாமல் பார்க்க மழை நாள்தான் தோது, கூட்டமும் இருக்காது. உள்ளே இருக்கும் அருங்காட்சியகத்துக்கு வெள்ளிக்கிழமை விடுமுறை. அதை மறந்து வருகிறவர்கள்தான் அதிகம். இடி இடிக்கும்போது மேல்தளம் வேண்டாம், சுற்றிலும் அதைவிட உயரமாக அதிகம் எதுவும் இல்லை.

கரையோர மாசிலாமணிநாதர் கோயிலைக் கடல் அரித்த கதை எல்லோருக்கும் தெரியும். அங்கே அலைத் தடுப்புக்குக் கொட்டிய கருங்கற்கள் மழையில் பாசி ஊறி வழுக்கும். படம் எடுக்க அதில் ஏறாதீர்கள். கற்களுக்கு இடையே கால் சிக்கினால் எடுப்பதற்குள் அடுத்த அலை வந்துவிடும்.

வாடைக்காற்று:

மழை வருவதைக் கடலைப் பார்த்தே சொல்லலாம். தொடுவானக் கோடு தெளிவாகத் தெரிந்தால் நடக்கலாம். வடகிழக்கில் அந்தக் கோடு மங்கிச் சாம்பல் திரை விழுந்தால் உடனே ஒதுங்க இடம் பாருங்கள். போனில் வானிலைத் துறையின் காரைக்கால் ரேடார் படம் உதவும். ஆனால் அதில் அச்சாகியிருக்கும் நேரம் கிரீன்விச் நேரம் என்றால் ஐந்தரை மணி கூட்ட வேண்டும். அதைக் கவனிக்காமல் பழைய படத்தைப் பார்த்து ஏமாறுகிறவர்கள் உண்டு.

குடை வீண். காற்று கடலிலிருந்து சாய்வாக அடிப்பதால் முதல் வீச்சிலேயே கம்பி மடங்கிவிடும். மேல்சட்டையும் கால்சட்டையுமாகப் பிரிந்த மழைக்கோட்டு வாங்குங்கள். தொளதொளப்பான ஒற்றை அங்கி காற்றில் பாய் போல உப்பி, இரு சக்கர வண்டியை இழுக்கும். ரப்பர் செருப்பும் வேண்டாம், பின்வார் உள்ள சாண்டல் போதும்.

கேமரா வைத்திருப்பவர்களுக்கு: ஏசி காரிலிருந்து இறங்கிய உடனே லென்சில் ஆவி படியும். இறங்குவதற்குப் பத்துப் பதினைந்து நிமிடம் முன்னாலேயே ஏசியை நிறுத்திக் கண்ணாடியை இறக்கிவிடுங்கள். உப்புச் சாரல் பட்ட லென்சை உலர்ந்த துணியால் தேய்த்தால் கீறல் விழும். நல்ல தண்ணீர் நனைத்த துணியால் ஒற்றி எடுத்த பிறகே துடைக்க வேண்டும். போன் திரை நனைந்தால் விரலைச் சரியாக உணராது, ஒலியைக் கூட்டும் பொத்தானை அழுத்தியே பெரும்பாலான போன்களில் படம் எடுக்கலாம்.

வேதைவாசி:

அதே நாளில் கோடியக்கரையையும் சேர்த்துக்கொள்ளலாமா என்று அடிக்கடி கேட்கிறார்கள். வேண்டாம். காரைக்கால், நாகை, வேளாங்கண்ணி, வேதாரண்யம் தாண்டி வர வேண்டும். ஈரச் சாலையில் மூன்று மணி நேரம் வைத்துக்கொள்ளுங்கள். மேகம் மூடிய நாளில் ஐந்து மணிக்கே வெளிச்சம் போய்விடும்.

தனி நாளாக வந்தாலும் கனமழைக்கு அடுத்த நாள் பூநாரைகளை எதிர்பார்க்க வேண்டாம். சதுப்பில் தண்ணீர் ஆழமானால் கால் ஊன்றி மேயும் பறவைகள் கலைந்துவிடும். நீர் வடியும் மார்கழி, தையில் வருவது நல்லது. வெளிமான்களைத் தண்ணீர் நிற்காத மேட்டுப் புல்வெளியில் தேடுங்கள்.

உப்பளப் பக்கம் தார்ச்சாலையை விட்டுச் சக்கரத்தை இறக்காதீர்கள். மேலே காய்ந்த பொருக்குப் போலத் தெரியும், அடியில் களிச்சேறு. சிக்கிய வண்டியில் ஆக்சிலேட்டரை மிதிக்க மிதிக்க இன்னும் இறங்கும். டயர் காற்றைக் கொஞ்சம் குறைத்து, சக்கரத்துக்கு முன்னால் தென்னை மட்டையோ சாக்கோ போட்டு, மெதுவாக எடுக்க வேண்டும். இந்த மாதங்களில் உப்பு வாருவதைப் பார்க்கவும் முடியாது, மூடி வைத்த குவியல்கள்தான்.

பொறையார்க்காரர்:

ஒன்று விட்டுப்போனது. கிளம்பும் முன் நாகை, காரைக்கால் துறைமுகங்களில் எத்தனையாம் எண் புயல் எச்சரிக்கைக் கூண்டு ஏற்றியிருக்கிறார்கள் என்று பாருங்கள். 1, 2 என்றால் புயல் தொலைவில். 3 வந்தால் துறைமுகத்துக்கே சூறைக்காற்று வாய்ப்பு. கடற்கரையை விட்டுவிட்டு ராஜ வீதியோடு நிறுத்திக்கொள்ளலாம். 5 அல்லது அதற்கு மேல் என்றால் பயணமே வேண்டாம். அதிலும் பூம்புகாரில் காவிரி கடலில் சேரும் இடத்தில் கூடுதல் கவனம் வேண்டும். மேலே அணையிலிருந்து காவிரியில் தண்ணீர் திறந்திருந்தால் முகத்துவாரத்து மணல்திட்டு ஒரே இரவில் கரைந்துபோகும், நேற்று நடந்த இடத்தில் இன்று ஆள் ஆழம் இருக்கும். கணுக்கால் அளவு தண்ணீரில்கூட இறங்காதீர்கள்.