ஸ்லைசருக்கு ஒரு சொல்: அரிமணையா, சீவியா?

கலைச்சொல் குழுவினர் அனைவருக்கும் வணக்கம்.

வெள்ளிக்கிழமை வகுப்புக்குள் எனக்கு ஒரு சொல் வேண்டும். பாளையங்கோட்டையில் மாலை வகுப்பு எடுக்கிறேன். வருகிற பிள்ளைகள் தமிழ்வழியில் பி.காம். முடித்தவர்கள், தூத்துக்குடியில் சுங்க முகவர் அலுவலகங்களில் வேலைக்குச் சேர ஆசைப்படுகிறவர்கள். இறக்குமதியாகும் பொருள் சுங்கத் தீர்வைப் பட்டியலில் எந்தத் தலைப்பின் கீழ் வரும் என்று கண்டுபிடிக்கப் பழக்குவதுதான் பாடம். தலைப்புக்கு நான்கு இலக்க எண், அதில் முதல் இரண்டும் அத்தியாயம். இந்த மாதம் அடுப்படி ஸ்லைசரை எடுத்துக்கொண்டேன். செய்கிற வேலை ஒன்றுதான், காயை மெல்லிசாக நறுக்குவது. பட்டியலிலோ அதற்கு மூன்று வீடு. கையால் இயக்குகிற, இயங்கமைப்பு உள்ள, 10 கிலோவுக்கு மேற்படாத சாதனம் என்றால் 8210. மோட்டார் உள்ளேயே பொருத்திய வீட்டுச் சாதனம், 20 கிலோவுக்கு மிகாதது என்றால் 8509. ஆலையில் உணவு தயாரிக்கிற இயந்திரம் என்றால் 8438. பிளேடு மட்டும் தனியாக வந்தால் 8208.

போன வாரப் பாடத்தாளில் மூன்றையும் "காய்கறி வெட்டும் இயந்திரம்" என்றே எழுதிக் கொடுத்துவிட்டேன். ஏறக்குறைய எல்லாப் பிள்ளைகளும் இயந்திரங்கள் இருக்கிற 84ஆம் அத்தியாயத்துக்குப் போய்விட்டார்கள். இயந்திரம் என்று நானே எழுதிவிட்டு, அவர்களுக்கு மதிப்பெண் குறைக்க மனசு வரவில்லை. மூன்றுக்கும் பொதுவாக ஒரு சொல் கிடைத்தால், முன்னால் கை, மின், ஆலை என்று சேர்த்துப் பிரித்துக்கொள்ளலாம். உதவுங்கள்.

பாளையங்கோட்டையிலிருந்து

* * *

அம்மா, சொல் நம் வீட்டு அடுப்படியிலேயே இருக்கிறது. அரிமணை.

அரி என்ற வினைக்கு இரண்டு நடை உண்டு. "அரிந்தாள்" என்றால் வெட்டினாள். "அரித்தாள்" என்றால் அரிசியைக் களைந்து கல் நீக்கினாள். முதலாவதுதான் நமக்கு வேண்டியது. கதிர் அரிதல், அரிவாள், எல்லாம் அதன் வழி. நம் ஊரில் அருவாமனை என்கிறோம். பலர் அரிவாள்மனை என்று றன்னகரம் போட்டு எழுதுகிறார்கள். மனை வீடு. மணை பலகை. கல்யாணத்தில் மாப்பிள்ளை உட்காருகிற அதே மணை. மூன்று சுழி ணகரமே சரி. அரிவாளை எடுத்துவிட்டால் அரிமணை. கைஅரிமணை, மின்அரிமணை, ஆலைஅரிமணை.

அரிசியும் இந்த அரியில் பிறந்ததே என்பது என் நெடுநாள் முடிவு. கிரேக்கர் அரிசிக்குச் சொல்கிற ஒரைசாவும் அங்கிருந்து போனதே. அதைத் தனி மடலில் விரித்து எழுதுகிறேன்.

தென்காசியிலிருந்து

* * *

ஐயாவுக்கு வணக்கம். ஒரைசா பற்றி மொழியியலாளர்கள் இன்னும் ஒத்துப்போகவில்லை. அதை விடுவோம், டீச்சருக்கு வெள்ளிக்கிழமை வகுப்பு.

நான் துறைமுகத்தில் இந்த வேலைதான் பார்க்கிறேன். மணை என்ற சொல் வந்ததும் நிமிர்ந்து உட்கார்ந்தேன். ஏனென்றால் 8210க்கான விளக்கக் குறிப்பில் மணைக்கு ஒரு பங்கு இருக்கிறது. சுற்றுகிற கைப்பிடி, பல்சக்கரம், திருகு மாதிரி ஏதாவது இருந்தால் அது இயங்கமைப்பு உள்ள சாதனம். வெறும் நெம்புகோலோ, அழுத்துகிற தண்டோ மட்டும் இருந்தால் போதாது. ஆனால் அதே நெம்புகோல் சாதனத்தை மேசையில் நிற்கிற மாதிரி அடித்தட்டோடு செய்திருந்தாலோ, சுவரில் பொருத்துகிற மாதிரி செய்திருந்தாலோ 8210க்குள் வந்துவிடும். ஆக அடித்தட்டு, அதாவது மணை, சில நேரம் தலைப்பையே தீர்மானிக்கிறது. அதனால்தான் எல்லா ஸ்லைசருக்கும் மணை என்று பெயர் வைக்கக் கூடாது என்கிறேன். மணை இல்லாத பொருளுக்கும் மணை என்று பெயர் இருந்தால் பிள்ளை எதை வைத்துப் பிரிக்கும்?

உலக நாடுகள் பெரும்பாலும் 1988 முதல் ஒரே எண்முறையைத்தான் பின்பற்றுகின்றன. முதல் 6 இலக்கம் எங்கும் ஒன்று. இந்தியாவில் அதை 8 ஆக நீட்டியிருக்கிறோம். எண் உலகத்துக்கே பொதுவாக இருக்கும்போது பெயரும் ஸ்லைசர் என்றே இருந்தால் என்ன? கடையில் எல்லோரும் அப்படித்தான் கேட்கிறார்கள்.

தூத்துக்குடியிலிருந்து

* * *

அண்ணாச்சி, ஸ்லைசர் என்று எழுதினால் பிள்ளைகளுக்குப் பொருளின் பெயர் தெரியும். அது என்ன செய்கிறது என்பது சொல்லில் தெரியாது. தீர்வைப் பட்டியலோ என்ன செய்கிறது, எப்படிச் செய்கிறது என்றுதானே கேட்கிறது?

என் சொல் சீவி. வெட்டுவது வேறு, நறுக்குவது வேறு, சீவுவது வேறு. எங்கள் அப்பா பனையேறினவர். காலையிலும் சாயங்காலமும் ஏறுவார். இடுப்புப் பெட்டியில் பாளை அரிவாள் இருக்கும். மேலே போய்ப் பாளையின் நுனியில் காகிதம் மாதிரி ஒரு சீவு. அவ்வளவுதான். கனமாகச் சீவினால் பாளை சீக்கிரம் தீர்ந்துவிடும். சீவாமல் விட்டால் ஊறல் நின்றுவிடும். பிறகு சுண்ணாம்பு தடவிய கலயத்தைக் கட்டிவிட்டு இறங்குவார். கீழே விழுந்த சீவலை எடுத்து வெயிலுக்கு நேரே பிடித்தால் விரல் தெரியும். நான் பிடித்துப் பார்த்திருக்கிறேன். "பாளை வெட்டினேன்" என்று அவர் ஒருநாளும் சொன்னதில்லை.

சிப்ஸ் கடையில் பாருங்கள். கொதிக்கிற எண்ணெய்க்கு மேலே பலகையைப் பிடித்து, நேந்திரங்காயை அதன் பிளேடில் தேய்க்கத் தேய்க்க வில்லை வில்லையாக விழுகிறது. அதையும் சீவுகிறார் என்றுதான் சொல்கிறோம். வெற்றிலையோடு போடுகிற பாக்கும் சீவல். மண்வெட்டி, பாக்குவெட்டி, தேங்காய்துருவி என்று இகரம் போட்டால் கருவிப்பெயர் ஆகிவிடுகிறது. அதே வரிசையில் சீவி.

உடன்குடியிலிருந்து

* * *

தம்பி, உங்கள் அப்பாவின் சீவலை மனசார ஏற்றுக்கொள்கிறேன். ஆனால் சீவி என்று எழுதிப் படித்துப் பாருங்கள். கிரந்தம் நீக்கி எழுதுகிறவர்களுக்கு ஜீவி என்பதும் சீவிதான். காய்சீவி என்றால் காய்கறி தின்று உயிர் வாழ்கிறவன் ஆகிறான். கிரந்தத்தை விலக்க வேண்டும் என்று இவ்வளவு காலம் போராடிவிட்டு, அதே இடத்தில் குழப்பத்தை நாமே உண்டாக்கலாமா?

இன்னொன்று. "உருளைக்கிழங்கைச் சீவு" என்றால் உங்கள் வீட்டில் என்ன செய்வார்கள்? எங்கள் வீட்டில் தோலை எடுப்பார்கள்.

தென்காசியிலிருந்து

* * *

எல்லோருக்கும் நன்றி. நேற்று மூன்று சொல்லையும் கரும்பலகையில் எழுதிப் போட்டேன்.

அரிமணை என்றதும், "டீச்சர், அருவாமனைக்கு மோட்டார் வச்சதா?" என்று ஒரு பையன் கேட்டான். சொல் அவனுக்குப் புரிந்துவிட்டது, பொருள்தான் மாறிவிட்டது. ஸ்லைசரை எல்லோரும் படித்தார்கள். எந்தத் தலைப்பு என்றதும் மறுபடியும் விழித்தார்கள். சீவி என்றதும் பின் வரிசைப் பெண், "பென்சில் சீவுதது மாதிரியா?" என்றாள். நான் அப்படியே நின்றுவிட்டேன். பென்சில் சீவுகிற கருவி 8214இல் இருக்கிறது. நம் கைச்சாதனம் இருக்கிற அதே 82ஆம் அத்தியாயம். சீவி என்று மட்டும் எழுதினால் இரண்டும் முட்டிக்கொள்ளும்.

அதனால் ஒரே சொல் என்ற ஆசையை விட்டுவிட்டேன். பாடத்தாளில் இப்படிப் போகிறது: "காய் சீவும் கைச்சாதனம்", "காய் சீவும் மின்சாதனம்", "காய் சீவும் ஆலை இயந்திரம்". இயந்திரம் என்ற சொல்லை மூன்றாவதற்கு மட்டுமே வைத்திருக்கிறேன். இதை வைத்துச் சோதித்தபோது பெரும்பாலான பிள்ளைகள் சரியான அத்தியாயத்துக்குப் போனார்கள். இனி எடை எவ்வளவு, மோட்டார் எங்கே என்று அவர்களாகவே கேட்பார்கள்.

பாளையங்கோட்டையிலிருந்து

* * *

எனக்குச் சம்மதம். கையொப்பம் போட்டாயிற்று.

தூத்துக்குடியிலிருந்து

* * *

எனக்கும் சரி. ஆனாலும் கருவிப்பெயராகச் சீவி ஒருநாள் வரும் என்று நம்புகிறேன்.

உடன்குடியிலிருந்து

* * *

நான் உடன்படவில்லை. அது கலைச்சொல் ஆகாது, தொடர். பட்டியலில் தொடராக நிற்பதைத் தமிழில் ஒரு சொல்லாகச் சுருக்கித் தருவதுதான் இந்தக் குழுவின் வேலை. தோல் சீவுவதா, துண்டு சீவுவதா என்ற என் கேள்விக்கும் இன்னும் யாரும் பதில் எழுதவில்லை. ஆசிரியை அடுத்த மாதம் தோல் சீவுகிற கருவியைப் பாடத்துக்கு எடுக்கும்போது அதற்கு என்ன பெயர் வைக்கப் போகிறார்?

தென்காசியிலிருந்து

* * *

ஐயா, அந்தக் கேள்விக்கு என்னிடம் விடை இல்லை. "காய் சீவும்" என்பதை "காயை வில்லையாகச் சீவும்" என்று திருத்தியிருக்கிறேன். உங்கள் மறுப்பையும் அரிமணையையும் தாளின் அடியில் அச்சடிக்கக் கொடுத்தாயிற்று. பிள்ளைகள் அதையும் படிக்கட்டும்.

பாளையங்கோட்டையிலிருந்து